கப்பல்காரர் வீட்டு டாக்கோ மசாலா

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஜாய்சனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'கப்பல்காரர்' என்றால்தான் தெரியும். வெள்ளைக்காரர்கள் சுற்றுலா போகிற பெரிய கப்பல் ஒன்றில் பதினோரு வருடமாகச் சமையல் வேலை. ஒன்பது மாதம் தண்ணீரில், மிச்சம் வீட்டில். அந்த மிச்ச நாட்களில் அவன் பால் வாங்கப் போனாலும் சரி, முடி வெட்டப் போனாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றாலும் சரி, எதிரில் வருகிறவர் கேட்கிற கேள்வி இரண்டே இரண்டுதான். எப்ப வந்தீங்க, எப்ப கிளம்புறீங்க.

முதல் கேள்வி பரவாயில்லை. இரண்டாவதுதான் அவனுக்கு எரிச்சல். மனுஷன் பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டான், அதற்குள் வழியனுப்ப ஊரே வரிசையில் நிற்கும். கேட்கிறவர்களைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? வெளிநாடு போகிறவனிடம் வேறு என்ன பேசுவது என்று யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் இந்தத் தடவை அதே கேள்வியை அவன் பெற்ற மகளே கேட்டுவிட்டாள். பிளஸ்ஸிக்குப் பதின்மூன்று வயது. கிறிஸ்துமஸ் பாடல் நிகழ்ச்சியில் முன்வரிசையில் நின்று பாடப்போகிறாள். வீட்டுக்கு இரண்டு இருக்கையாம். "அப்பா, நீங்க எப்ப கிளம்புறீங்க? டிசம்பர்ல இருக்க மாட்டீங்கல்ல? அப்ப உங்க சீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஷீலா ஆன்ட்டியை வரச் சொல்லிடவா?" என்றாள். அழுதுகொண்டு கேட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ தோசையைப் பிய்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

அன்றைக்கே அவன் முடிவு செய்துவிட்டான், இனிமேல் கப்பலுக்குப் போவதில்லை என்று. சரி, முடிவு செய்தவன் அதை மனைவியிடம் வாயைத் திறந்து சொன்னானா? அதுதான் இல்லை. ஜாய்சனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. முதலில் உள்ளூரில் ஒரு பிழைப்பைப் பிடித்து, உறுதி செய்துகொண்டு, பிறகு ஜம்மென்று வந்து சொல்ல வேண்டும் என்பது அவன் திட்டம்.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஜெரூஷா பக்கத்துத் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவன் கிளம்பும் நாள் தெரிந்துவிட்டால் போதும், பருப்புப்பொடி இடிப்பாள், நார்த்தங்காய் ஊறுகாய் போடுவாள், சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்குவாள், பெட்டியை எடை போட்டுப் பார்ப்பாள். விமான நிலையத்தில் கையசைப்பாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது 'போகாதீங்க' என்று சொன்னதில்லை. இவளுக்கு நாம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அவன் மனதில் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதையும் அவன் அவளிடம் கேட்டதில்லை.

பிழைப்புக்கு வழி கேசவன் மூலமாக வந்தது. கேசவன் அவனோடு கேட்டரிங் படித்தவன். இப்போது பெருங்களத்தூர் பக்கம் ஓர் ஐ.டி. வளாகத்தில் சாப்பாட்டுக் கூடத்தை நடத்துகிறான். அங்கே ஒரு கடை காலியாகியிருந்தது. பரோட்டா இருக்கிறது, பிரியாணி இருக்கிறது, நூடுல்ஸ் இருக்கிறது, பிள்ளைகள் புதுசாக ஏதாவது கேட்கிறார்கள் என்றான். "உன் கப்பல் டாக்கோவைக் கொண்டா மச்சான். ஆனா ஒண்ணு, அப்படியே கப்பல்ல இருக்கிற டேஸ்ட் வேணும். நான் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துட்டு சொல்றேன்."

டாக்கோ என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மக்காச்சோள மாவில் உள்ளங்கை அகலத்துக்கு ரொட்டி சுட்டு, கொத்துக்கறியை மசாலாவில் வதக்கி நடுவில் வைத்து, பச்சை வெங்காயமும் தக்காளியும் தூவி, இரண்டாக மடித்துக் கையில் கொடுப்பது. மெக்சிகோக்காரர்கள் தெருவில் நின்று சாப்பிடுகிற பண்டம். ரொட்டி யாரும் சுடலாம், கறி யாரும் கொத்தலாம். மசாலாவில்தான் எல்லாம் இருக்கிறது.

நவம்பரில் சபையில் அறுப்பின் பண்டிகை. அவரவர் கொண்டுவந்து படைத்த பூசணி, வாழைத்தார், கோழி, கேக் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள், வளாகத்தில் ஆளாளுக்குச் சாப்பாட்டுக் கடை போடுவார்கள், வருகிற காசு சபைக்கு. அங்கே ஒரு கடை போடுகிறேன், நீ வந்து சாப்பிட்டுப் பார் என்று கேசவனிடம் சொல்லியாயிற்று. கப்பல் ஏஜென்சி அதற்கு மறுநாள் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது. கேசவன் சரி என்றால் கப்பலுக்குக் கும்பிடு. இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான், வேறு போக்கிடம் இல்லை.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஜாய்சனுக்கு டாக்கோ மசாலா செய்யத் தெரியாது.

பொய்யில்லை. கப்பலில் நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த டாக்கோ கவுண்டரில் வருடக்கணக்கில் நின்றவன் அவன். கறியை வதக்கினான், ரொட்டியைச் சூடு பண்ணினான், மடித்து மடித்துக் கொடுத்தான். எல்லாம் நிஜம். மசாலா மட்டும் பழுப்புக் காகிதப் பையில் வரும். அதன் முனையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கறியில் கொட்டுவான், கிளறுவான். பையின் பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று போட்டிருக்கிற இடத்தில் உப்பு, சர்க்கரை, அப்புறம் 'மசாலாப் பொருட்கள்' என்று ஒரே வார்த்தை. என்ன மசாலாப் பொருட்கள்? அது அந்தக் கம்பெனிக்கும் ஆண்டவருக்குமே வெளிச்சம். ஆனால் ஊரில் அவன் இப்படியா சொல்லி வைத்திருந்தான்? 'ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு நான்தான் டாக்கோ போட்டேன்' என்று மார்தட்டியிருந்தான். கேட்டவர்கள் மசாலாவும் அவன் கைப்பக்குவம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவனும் இல்லை என்று சொல்லவில்லை.

அவனிடம் இருந்தது நாக்கு ஒன்றுதான். எப்படி இருக்க வேண்டும் என்று நாக்குக்கு நன்றாகத் தெரியும். எதைப் போட்டால் அப்படி வரும் என்றுதான் தெரியாது. செல்போனில் தேடினால் ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். இணையத்தில் விற்கிற பாக்கெட் ஒன்றைத் தருவித்துப் பார்த்தான். யானை விலை, சாட் மசாலா ருசி. தூக்கி அலமாரியின் பின்னால் போட்டுவிட்டுத் தானே களத்தில் இறங்கினான்.

முதலில் மிளகாய். அந்த மசாலாவில் காரம் கம்மி, நிறம் ஜாஸ்தி, கூடவே லேசான புகை வாசனை. காஷ்மீரி மிளகாயை வாங்கி விதை எடுத்து இரும்புச் சட்டியில் கருகக் கருக வறுத்தான். நெடி மாடிப்படி வழியாக ஏறி நாலு மாடிக்கும் போயிற்று. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், இரண்டாவது மாடியில் யாரோ மிளகாய் வறுக்கிறீர்கள், வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருக்கிறார், தயவுசெய்து ஜன்னலைச் சாத்தவும் என்று செய்தி வந்தது. ஜன்னலைச் சாத்தினான். அப்புறம் இவனே இருமி இருமிக் கண்ணீர் விட்டான்.

அடுத்தது பூண்டு. பூண்டுப்பொடியைக் கடையில் சின்ன பாட்டிலில் விற்கிறார்கள், ஆனால் அந்த விலைக்கு வாங்கிக் கடை நடத்த முடியாது. தானே உலர்த்திக்கொள்வது என்று பூண்டைச் சீவித் தட்டில் பரப்பி மொட்டைமாடியில் வைத்தான். தாம்பரத்தில் நவம்பர் மாதம் வெயில் அடிக்கும் என்று எதிர்பார்த்த முதல் ஆள் இவனாகத்தான் இருப்பான். மழை பிடித்துக்கொண்டது. பூண்டு உலரவில்லை, பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டு நாறியது. மின்விசிறிக்குக் கீழே வைத்தான். பிளஸ்ஸி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஹாலைக் கடந்து போனாள். படுக்கையறைத் தலையணை வரைக்கும் பூண்டு நெடி ஏறிய பிறகு, கேக் சுடும் அடுப்பைக் குறைந்த சூட்டில் வைத்து ஒருவழியாகக் காயவைத்தான்.

இலைதான் அவனை அழவைத்தது. ஆரிகனோ என்று ஓர் இலை, காய்ந்து நொறுங்கியது, பீட்சாவோடு சின்னப் பொட்டலத்தில் கொடுப்பார்களே, அது. அந்தப் பொட்டலங்களையே வீடு வீடாகக் கேட்டு வாங்கினான். கப்பல்காரர் பீட்சா பொட்டலம் பொறுக்குகிறார் என்று பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. பிரித்துப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் உப்பும் மிளகாயும். சரி, பால்கனித் தொட்டியில் கற்பூரவல்லி இருக்கிறதே, அதுவும் கிட்டத்தட்ட அந்த வாசனைதானே என்று பறித்துக் காயவைத்துப் போட்டான். கறி இருமல் மருந்து மாதிரி வந்தது. ஓமம் போட்டுப் பார்த்தான். பிளஸ்ஸி ஒரு வாய் வைத்துவிட்டு, எனக்கு வயிற்றுவலி ஒன்றும் இல்லையே அப்பா என்றாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

இவ்வளவும் நடக்கிறபோது ஜெரூஷா விடைத்தாள் திருத்திக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் அவன் கிளறிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்து, கொஞ்சம் கொத்தமல்லி வறுத்துப் போட்டால் நன்றாக இருக்குமே என்றாள். அவன் ஏற்கனவே கடுப்பில் இருந்தான். "ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரங்களுக்குப் போட்டவன் ஜெரூ நான். எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டான். அவள் சரிங்க என்று சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த மசாலாவைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. சொன்ன நிமிஷமே அவனுக்கு உறைத்தது, ஏன்டா இப்படிப் பேசினோம் என்று. ஆனால் இறங்கிப் போய்ப் பேச வாய் வரவில்லை, அந்த வாய்தான் அவன் வாழ்க்கையைக் கெடுத்ததே.

கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு பெரிய கடையில் கலப்படமில்லாத இலை கிடைத்தது. மிளகாய், சீரகம், வெங்காயப்பொடி, பூண்டு, இலை எல்லாம் சரியாக வந்தும் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே இருந்தது. என்ன குறை என்று தெரியாமல் இவன் பைத்தியம் பிடித்தவன் மாதிரி திரிந்தான். துணி காயப்போடும்போது யோசித்தான், ஜெபத்தில் தலைகுனிந்து நிற்கும்போது யோசித்தான். ஒரு நாள் ரசத்தைக் கலக்கும்போது சட்டென்று நினைவுக்கு வந்தது. கப்பலில் அந்தப் பொடியில் தண்ணீர் பட்டால் கறியெல்லாம் லேசாகக் கொழகொழவென்று சேர்ந்துகொள்ளும். அப்படியென்றால் அதில் சோளமாவு இருக்கிறது. ஒரு கரண்டி சோளமாவும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து வதக்கினான். எடுத்து வாயில் வைத்தான். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அதே ருசி. ஆண்டவரே, அச்சு அசலாக அதே ருசி.

சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? தெரியாததைக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால், தெரியாது என்பதையும் சொல்ல வேண்டுமே. அதனால் மென்று விழுங்கிக்கொண்டு பண்டிகைக்கு வேண்டியதை மொத்தமாக வறுத்து மாவு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

மில் நடத்துகிற லோகநாயகி பையைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். "இன்னா சார் இது, தனியா ஒரு பிடிகூட இல்ல? தனியா போடாம இன்னா மசாலா? வூட்ல மறந்துட்டாங்களா?" என்றாள். இல்லை, இது இப்படித்தான் என்றான். பக்கத்தில் சாம்பார்த்தூள் அரைக்க வந்திருந்த அம்மாள் பட்டையாவது போடச் சொன்னாள். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு, முதலில் மிஷினைச் சுத்தம் பண்ணுங்கள், பழைய மசாலா ஒட்டியிருக்கப் போகிறது என்றான். லோகநாயகிக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷமா அரைச்சுகினு கீறேன், யாரும் ஒரு பேஜார் சொன்னதில்ல என்று முணுமுணுத்தபடியே தட்டித் துடைத்து அரைத்துக் கொடுத்தாள். ஜாய்சன் வாசம் பிடித்துப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பெரிய எவர்சில்வர் டப்பாவில் கொட்டி மூடி வைத்தான். கோழிக் கொத்துக்கறியும் மக்காச்சோள மாவும் வாங்க சனிக்கிழமை சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. ஆலய வளாகத்தில் பந்தல். சபை மூப்பர் ஏசுபாதம் ஐயா மைக்கைப் பிடித்து, ஒரு பூசணிக்காயைக் கையில் தூக்கிக்கொண்டு, மனசாட்சியே இல்லாத விலைக்கு ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். ஜாய்சன் கப்பலில் போட்ட வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தான். எண்ணெய் காய்ந்தது, வெங்காயம் வதங்கியது, கொத்துக்கறி வெந்தது. டப்பாவைத் திறந்து மசாலாவை அள்ளிப் போட்டான்.

சூடு பட்டதும் வாசம் எழும்பியது. பட்டை, கிராம்பு, சோம்பு, வறுத்த கொத்தமல்லி. கல்யாண வீட்டுக் கறிக்குழம்பு வாசம். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான். அப்பட்டமாகக் கறி மசாலா. எங்கே தப்பு நடந்தது? மில்தான். அந்தப் பொம்பளை மிஷினைத் துடைத்தது போதவில்லை, அரைத்து முடித்த பிறகு வேறு யாருடைய மசாலாவோ சேர்ந்திருக்கிறது. அப்படியானால் அன்றைக்கே வாசம் வந்திருக்குமே என்று யோசிக்கக்கூட அவனுக்கு நிதானம் இல்லை. எதிரில் அதற்குள் வரிசை நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது அதைவிடக் கொடுமை. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஒரு தடவை வாங்கியவர்கள் மறுபடி வந்தார்கள். போதகர் இரண்டு சாப்பிட்டார். கப்பல்காரரே, வெள்ளைக்காரன் சாப்பாடுன்னு பயந்தேன், நம்ம வீட்டுக் கறி மாதிரியே இருக்கு என்று ஏசுபாதம் ஐயா முதுகில் தட்டினார். ஒவ்வொரு பாராட்டுக்கும் ஜாய்சன் சிரித்தான். இதற்கா மிளகாய் நெடியில் செத்தேன், இதற்கா பூண்டு நாற்றத்தில் படுத்தேன் என்று ஓங்கிக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆலயத்தில் எப்படிக் கத்துவது? மடித்து மடித்துக் கொடுத்தான்.

கேசவன் வந்தான். ஓரமாக நின்று நிதானமாகச் சாப்பிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு ஜாய்சனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான்.

"நல்லா இருக்கு மச்சான். ஆனா இதைத்தானே நாங்க பரோட்டா கவுண்டர்ல சுத்தி விக்கிறோம்? நான் கேட்டது இது இல்லையே."

ஜாய்சன் மில்லில் கலந்துவிட்டது என்று விளக்கம் சொல்லப் பார்த்தான். அது எடுபடவில்லை. நாளைக்குக் கடையில் ஆயிரம் பேர் நிற்கும்போதும் மில்லில் கலந்துவிட்டது என்றுதான் சொல்வாயா என்று கேசவன் கேட்டான். கேட்டதில் தப்பில்லை. அந்தக் கடைக்கு இன்னொருவர் நச்சரித்துக்கொண்டிருக்கிறார், இன்றைக்கே பேசி முடிக்க வேண்டும், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு, பிளஸ்ஸியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் ஜாய்சன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தான். எல்லாம் முடிந்தது. நாளைக்கு ஏஜென்சிக்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டும், டிசம்பரில் அவன் இருக்கையில் ஷீலா ஆன்ட்டி உட்காருவாள். யார் மேலாவது காட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. குடையை எடுத்துக்கொண்டான். மில் பூட்டியிருந்தால் லோகநாயகியின் வீட்டுக்கே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டினான்.

ஜெரூஷா வாசல் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கலந்தேன்."

அவனுக்கு முதலில் புரியவே இல்லை. பிறகு அவள் சொன்னாள். சனிக்கிழமை அவன் மார்க்கெட் போயிருந்தபோது டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தாளாம். காரமும் இல்லை, மணமும் இல்லை, இனிப்பு வேறு. இதைப் போய் சபை முழுக்கச் சாப்பிட்டால் என்ன சொல்வார்கள்? கப்பல்காரர் இவ்வளவுதானா என்று சிரிக்க மாட்டார்களா? வீட்டில் இருந்த கறி மசாலாவைக் கொட்டிக் கலந்து வைத்துவிட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றான்.

"மல்லி போடலாமான்னு கேட்டதுக்கே எரிஞ்சு விழுந்தீங்க. அப்புறம் எப்படிக் கேப்பேன்? கேசவன் அண்ணா போன்ல கடை விஷயத்தைச் சொல்லியிருந்தாரு. எங்க அவர் வேண்டாம்னு சொல்லிட்டா நீங்க மறுபடி கிளம்பிடுவீங்கன்னு பயந்துதான் போட்டேன். கெட்டுப்போனாக்கூட என்ன, இவர்தான் எத்தனை வருஷமா செய்யிறாரு, நாளைக்கே இன்னொரு டப்பா செஞ்சுட மாட்டாரான்னு நினைச்சேன்."

குடை அவன் கையில் இருந்தது. அவன் செருப்போடு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் கட்டிக் காத்த மானம் எல்லாம் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"எனக்கு அதைச் செய்யத் தெரியாது ஜெரூ. கப்பல்ல பையை வெட்டிக் கொட்டுவேன், அவ்வளவுதான். இங்க வந்துதான் நாக்கை வெச்சுத் தேடித் தேடிக் கண்டுபிடிச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து அவளும் படியில் உட்கார்ந்தாள். கப்பல் வேலைதான் கையில் இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டாள். பூண்டு, மிளகாய், மில், மழை, எதற்கு இதெல்லாம்?

"திரும்பப் போக எனக்கு இஷ்டமில்லை," என்றான். எவ்வளவோ நாளாகத் தொண்டையில் நின்றது அது. வெளியே வந்தபோது இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜெரூஷா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது, கண்ணும் கலங்கியது, எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. "இதைச் சொல்றதுக்கு ஒரு வாய் வார்த்தை போதுமே. அதுக்கு எதுக்குங்க டாக்கோ?"

"நீதான் ஒரு தடவையாவது போகாதேன்னு சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம்தான் என்றாள். நான் சொல்லி நீங்கள் நின்று, நாளைக்கு ஏதாவது கஷ்டம் வந்தால், இவளால்தானே என்று நினைப்பீர்களோ என்று வாயை மூடிக்கொண்டேன் என்றாள். ஒவ்வொரு தடவையும் விமான நிலையத்திலிருந்து திரும்பும் வண்டியில் பிளஸ்ஸி தூங்கும்வரை காத்திருந்து அழுவாளாம். அது அவனுக்குத் தெரியாது. பதினோரு வருடம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மறுபக்கத்து ஆளுக்கு இஷ்டம் என்று நினைத்துப் பெட்டி கட்டியிருக்கிறார்கள். நினைக்க நினைக்க ஜாய்சனுக்கு எரிச்சலாக வந்தது, தன் மேலும் அவள் மேலும்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கேசவனைத் தானே கூப்பிட்டு, தப்பு என்னுடையது, அவருடைய மசாலாவை நீங்கள் இன்னும் சாப்பிடவே இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேனே தங்கச்சி, முன்பணமும் வாங்கிவிட்டேன் என்றான் அவன். அவள் கெஞ்சவில்லை. போனை வைத்துவிட்டுக் குக்கரில் அரிசியைப் போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. பிளஸ்ஸி பள்ளிக்குப் போயாயிற்று, ஜெரூஷா வகுப்புக்குக் கிளம்பியவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். எழும்பூர் அலுவலகத்துப் பெண் மளமளவென்று பேசினாள். விசா தயார் சார், மருத்துவப் பரிசோதனைக்கு நாள் குறிக்கவா? ஜாய்சனுக்கு உள்ளூரில் வேலை இல்லை, கடை இல்லை, நாளைக்கு என்ன செய்வது என்று ஒரு யோசனையும் இல்லை.

"இல்லைம்மா. நான் வரலை. வீட்ல போக வேண்டாம்னு சொல்லிட்டாங்க," என்றான்.

அந்தப் பெண் சரி சார் என்றாள். ஜெரூஷா செருப்பை ஒரு காலில் மாட்டியபடி நின்றுவிட்டாள். அவன் பக்கம் திரும்பாமல், "லைன் சரியில்ல போல இருக்கு. அவங்களுக்குக் கேட்டுச்சோ என்னவோ, இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

லைன் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவன் இன்னொரு தடவை சொன்னான்.